ரெங்கம் ஸ்டேஷனுக்குப் போகும் சாலை

இடைநிலைப் பள்ளியில் முதல் படிவத்துக்குப் புவியியல் நடத்தப் போனவள் ஈரத்துணியால் கரும்பலகையைத் துடைத்தேன். நனைந்த சாக்கட்டி வாசம் என்னை, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் மலாயாவில் நான் படித்த ரப்பர் தோட்டப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனது.

அங்கே அந்த வாசத்தோடு புளித்த ரப்பர் பாலின் நாற்றமும் கலந்திருக்கும். அன்று வாத்தியார் எங்கள் தோட்டத்தைப் பலகையில் வரைந்தார். கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயம், ரப்பர் ஸ்டோர், துரை பங்களா எல்லாம் போட்டுவிட்டு, வேலியைத் தாண்டி ரெங்கம் ரயில் ஸ்டேஷன் வரை ஒரு சாலையை இழுத்தார். தோட்ட ஆபீசின் தலைமைக் கணக்கரான பெரிய கிராணி விறுவிறுவென்று உள்ளே வந்து அந்தச் சாலையை மட்டும் துடைத்தார்.

"கூலிக்காரப் புள்ளைங்களுக்கு வெளி ரோடு எதுக்கு வாத்தியாரே? படம் வேலியோட நிக்கட்டும்."

கூடுதல் சம்பளம் தேடி ஆட்கள் வேறு தோட்டத்துக்குக் கிளம்பிவிடுவார்கள் என்ற பயம் அவருக்கு. வாத்தியார் சாக்கட்டியை மேசைமேல் வைத்துவிட்டு விலகி நின்றார். அவருக்கும் தோட்ட ஆபீசில்தான் சம்பளம்.

என் பக்கத்தில் இருந்த அஞ்சலை எழுந்து போனாள். சாக்கட்டியை எடுத்து அதே சாலையை முன்னைவிடத் தடிப்பாக இழுத்தாள்.

"நீங்க அழிச்சா ரோடு போயிடுமா கிராணியாரே? அது அங்கதானே கெடக்கு!"

இன்று என் வகுப்பிடம், அவரவர் வீட்டிலிருந்து வெளியே போகும் சாலைகளை வரையச் சொன்னேன்.

"டீச்சர், இது சோதனையில வருமா?" என்றான் ஒருவன்.

"வராது. நல்லா தடிப்பா போடு."