படகுக்கு உள் தாழ்ப்பாள்

"நான் ஒண்ணும் ஒளிஞ்சு மறைஞ்சு போகல மதினி. பட்டப்பகல்ல, குளிக்க வந்த ஜனமெல்லாம் பாக்க, சீலையத் தூக்கிச் சொருகிக்கிட்டுத்தான் ஏறுனேன்."

வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற பக்கத்து வீட்டுக்காரியிடம் காலையில் இப்படித்தான் ஆரம்பித்தேன். நான் படகில் போனது அவளுக்குப் பெரிதில்லை. மூன்று மாதமாக ஏன் போகாமல் இருந்தேன் என்பதுதான் தெரிய வேண்டும். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவளிடம் சொன்னதையே இப்போது திரும்பச் சொல்கிறேன், மருமகள் எழுதுகிறாள். நடுவில் சிரிக்கவும் செய்கிறாள்.

என் மகன் கப்பலில் வேலை பார்த்துவிட்டு ஊருக்கு வந்தவன். வந்தவர்கள் மனை வாங்குவார்கள், கார் வாங்குவார்கள். இவன் புதுச்சேரியில் யாரோ விற்ற பழைய பாய்ப்படகை லாரியில் ஏற்றிக்கொண்டு தேவிபட்டினத்துக்கு வந்து இறங்கினான். கரையில் இருந்தவர்கள் சுற்றிச் சுற்றி வந்து, வலையை எங்கே வைப்பது என்று தேடினார்கள்.

"மீன் பிடிக்க இல்ல மாமா. சும்மா போயிட்டு வர" என்றான்.

"சும்மா போறதுக்கு எதுக்குடா கடலு? மாடியில ஏறி உக்கார வேண்டியதுதான" என்றார் ஒரு பெரியவர்.

எங்கள் குடும்பத்தில் பெண்கள் படகில் ஏறுவதில்லை. என் வீட்டுக்காரர் இருந்தவரை அவருடைய மூன்று வள்ளங்களுக்கும் மஞ்சள் பூசி, பொட்டு வைத்தது நான்தான். ஒன்றிலும் கால் வைத்ததில்லை. மகன் சொன்னான், "இது தொழில் வள்ளம் இல்லம்மா. இதுல நீதான் முதல்ல ஏறணும். காரங்காட்டு அலையாத்திக் காடு வரைக்கும் போயிட்டு, சாயங்காலம் திரும்பிரலாம்."

அன்றிலிருந்து ஆசையில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அடுப்பில் தோசை கருகும், நான் கரையில் நிற்பேன். ஒரு நாளைக்கு மூன்று தடவை போய், படகு அங்கேயே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவேன்.

பழைய படகு என்பதால் சாமான் எல்லாம் புதிதாக வாங்க வேண்டியிருந்தது. மகன் எந்நேரமும் போனும் கையுமாக இருந்தான். எங்கள் கடலடி சேறு. அதில் புதைந்து பிடிக்கிற மாதிரி அகலத் தகடு வைத்த நங்கூரம் வேண்டுமாம். கொக்கி நங்கூரம் பாறைக்குத்தான் ஆகுமாம். படகு சாய்ந்தாலும் சாயாமல் ஊஞ்சல் போல ஆடுகிற கேஸ் அடுப்பு, வழி காட்டுகிற ஜிபிஎஸ், சோலார் தகடு, பேட்டரி என்று படம் படமாகக் காட்டினான். அடுப்பு எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. மிதக்கிற சட்டையை மாட்டி என்னைக் கண்ணாடி முன்னால் நிறுத்தினான். பஞ்சு பிதுங்கும் தலையணை மாதிரி இருந்தேன்.

ஒரு நாள் மருமகளிடம் சாமான் பட்டியலை வாசிக்கச் சொன்னேன். ஒரு சாமானின் பெயர் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான் அத்தை."

கக்கூஸ் இல்லை. காலையில் ஏறினால் சாயங்காலம்தான் இறங்க வேண்டும். எனக்கோ சர்க்கரை உள்ள உடம்பு. ஆம்பளைகளுக்கு என்ன, படகின் ஓரத்தில் நின்றால் முடிந்தது. மூன்று தலைமுறையாகக் கடலுக்குப் போகிற வீடு. ஒரு பெண் ஏறியதில்லை, அதனால் ஒருவருக்கும் அந்த நினைப்பே வந்ததில்லை. இதை மகனிடம் எப்படிச் சொல்வது?

முட்டி வலிக்கிறது என்றேன். ஏறுவதற்கு ஏணி வாங்கி மாட்டினான். தலை சுற்றும் என்றேன். மாத்திரையும் இஞ்சி மிட்டாயும் வந்தன. பலகையில் உட்கார்ந்தால் இடுப்பு பிடிக்கும் என்றேன். ஸ்பாஞ்சு மெத்தை வந்தது. நான் சொல்லுகிற பொய்க்கெல்லாம் சாமான் வந்து இறங்கியதே தவிர, நான் சொல்லாதது வரவில்லை.

கடைசியில் ஒரு நாள் அவன் முகம் வாடிப் போய், "சரிம்மா, உனக்கு இஷ்டமில்லன்னு தெரியுது. வாடைக்காத்து தொடங்குறதுக்குள்ள நானும் உன் மருமகளும் போயிட்டு வாறோம். படகு முன்பக்கம் சும்மா கெடக்குற சந்துல ஐஸ் பெட்டிய வச்சிர்றேன்" என்றான்.

மறுநாள் மருமகளோடு உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். அவள் தலையைத் தூக்காமல் சொன்னாள், "அத்தை, நானும் போகல. வெயிலு ஒத்துக்காதுன்னு சொல்லிட்டேன். இப்பக் கூரைத் துணி வாங்கிட்டு வந்திருக்காக."

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். மீன் செதில் கையோடு இருவரும் வெகுநேரம் சிரித்தோம்.

அன்று சாப்பாட்டின்போது அவள்தான் கக்கூஸ் விஷயத்தைச் சொன்னாள். மகன், "அதுக்கு ஒரு வாளி போதாதா?" என்றான்.

நான் அடுப்படியிலிருந்து சொன்னேன், "ஏலே, அந்த வாளியில நீ உக்காரு. நாங்க ரெண்டு பேரும் எதுத்தாப்புல உக்காந்து பாக்குறோம்."

மறுநாள் டேப்பை எடுத்துக்கொண்டு போய் அந்தச் சந்தை அளந்தான். ஐஸ் பெட்டி வீட்டுக்கு வந்தது. அந்த இடத்தில், அடியில் டாங்கி வைத்த சின்னக் கக்கூஸ். டாங்கியைக் கழற்றிக் கரைக்குக் கொண்டுவந்து கழுவ வேண்டும். திரை போதும் என்றான். காற்றில் திரை நிற்குமா என்று கேட்டேன். ஓரமாக நகர்கிற பலகைக் கதவு வந்தது. போய்ப் பார்த்தால், தாழ்ப்பாள் வெளியே இருக்கிறது. அலையில் திறந்துகொள்ளக் கூடாது என்று படகுக் கதவுக்கெல்லாம் வெளியில்தான் போடுவார்களாம்.

"உள்ள ஆளு இருக்கிற கதவுடா இது" என்றேன். உள்ளேயும் ஒன்று போட்டான்.

நேற்றுப் போனோம். கடலுக்குள் இருக்கிற நவபாஷாணக் கோயிலில் குளிக்கிறவர்கள் விரல் அளவுக்குச் சிறுத்துப் போனார்கள். மகன் என்ஜினை நிறுத்திப் பாயை விரித்ததும் சத்தமே இல்லை. அலையாத்திக்கு இப்பால் நங்கூரம் போட்டு, "இனிச் சும்மா உக்காரும்மா" என்றான். எனக்குச் சும்மா உட்காரத் தெரியவில்லை. ஆடுகிற அடுப்பில் தேத்தண்ணி போட்டேன், அடுப்பை இரண்டு தரம் துடைத்தேன். அந்த அறைக்கு மூன்று முறை போனேன். ஒரு முறைதான் அவசரம். மற்ற இரண்டு முறையும் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு, பலகைக்கு அந்தப் பக்கம் தண்ணீர் தட்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நாற்பது வருசமாக என் வீட்டுக்காரர் கேட்ட சத்தம்.

எல்லாம் கேட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரி குரலைத் தாழ்த்தி, "உள்ள இருந்து தாழ்ப்பா போட்டுக்கிறலாமா மதினி?" என்றாள்.

"போட்டுக்கிறலாம்."

"அப்ப அடுத்த தடவை நானும் வாரேன்."

இன்னும் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு எங்கே இடம் என்று மகன் தலையில் கை வைத்துக்கொண்டிருக்கிறான். அது இருக்கட்டும், மருமகளே, பேனாவை மூடு. டாங்கி கழுவ இன்றைக்கு என் முறை. பினாயில் பாட்டிலை எங்கே வைத்தாய்?