ஒரு நட்டு குறைந்த மேனிஃபோல்டு

கரையான்சாவடியில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. "நம்ம தயாளன் பூட்டான், மாமே" என்றான் நம் வண்டி ஸ்டாண்டிலிருந்து ஒருவன். மெக்கானிக் தயாளன் மதியம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு உட்கார்ந்தவர், எழவே இல்லையாம். என் பிக்கப் வண்டி அப்போது பூந்தமல்லியில் அவர் ஷெட்டில் பிரித்துப் போட்டபடி நின்றது. நம் ஸ்டாண்டில் அவர் கைபடாத வண்டி கிடையாது என்பதால் ஸ்டாண்டு டிரைவர்கள் உங்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

வாய் பொல்லாத மனிதர். வண்டி கரும்புகை தள்ளுகிறது, மேட்டில் இழுக்கவில்லை என்று கொண்டுபோய் விட்டேன். காது வைத்துக் கேட்டார். "மேனிஃபோல்டுல கசிவ அடைக்கிற கேஸ்கெட் பூட்ச்சி. இஞ்சினுக்குக் காத்து போற வயி இது. இங்க ஓட்ட வுயுந்தா நீ இன்னா மிதிச்சாலும் போவாது" என்றார். சாயங்காலம் கிடைக்குமா என்று கேட்டேன். "அவசரம்னா பஸ்ல போ" என்றார். அவர் என்னிடம் கடைசியாகச் சொன்னது அதுதான்.

காரியம் எல்லாம் முடிந்த மறுநாள் வேறொரு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். மேனிஃபோல்டைத் துடைத்துப் பளிச்சென்று வைத்திருந்தார். பக்கத்தில் புதுக் கேஸ்கெட், தட்டில் நட்டுகள். அதில் ஒன்று குறைந்தது. இஞ்சினில் காற்று போகும் துளைகளில் துணி அடைத்திருந்தார். ஒரு துணி மட்டும் நழுவிக் கிடந்தது. "நட்டு உள்ள வுயுந்து இருந்தா மொத்தமா பிரிக்கணும், அண்ணாத்தே. தெரியாம ஸ்டார்ட் பண்ணா இஞ்சின் காலி" என்றார் வந்தவர். தரையெல்லாம் தேடினோம், காந்தம் விட்டுத் துழாவினோம். கிடைக்கவில்லை. அந்த ஒரு வண்டியை வைத்துத்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது. நண்பனைப் பறிகொடுத்த துக்கத்தைவிட நட்டைப் பற்றிய பயம் பெரிதாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

அவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தேன். வண்டி இன்னும் ஷெட்டில்தான் நிற்கிறது என்று மட்டும் சொன்னேன். அவர் மனைவி மல்லிகாதான் என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்வந்தாள். கையில் அந்த நட்டு!

"சட்டப் பாக்கெட்ல இருந்துச்சிண்ணா. சாப்ட வரும்போதெல்லாம் அந்த மனுசன் ஒரு நட்ட எட்த்துகினு தான் வரும். இல்லாங்காட்டி நீங்கள்லாம் பாதி வேலையிலயே வண்டிய எட்த்துகினு பூடுவீங்களாம். நீ ஒருக்கா ரேடியேட்டர் மூடி போடாமயே ஓட்டிகினு போன இல்ல, அதுலருந்து."

சாவு வீடு என்பதை மறந்து சத்தமாகச் சிரித்துவிட்டேன். சிரிப்பு அழுகையாக மாறியது. மல்லிகாவும் அப்படித்தான்.

புது மெக்கானிக் பூட்டிமுடிக்க, அன்று சாயங்காலமே வண்டி கிளம்பியது. புகை இல்லை. அவர் வீட்டுத் தெருவுக்குள் ஓட்டிப்போய் நிறுத்தினேன். மல்லிகா வாசலுக்கு வந்து, இஞ்சின் ஓடும் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"அப்போ எந்த வண்டியயும் அது பாதில வுட்டுட்டுப் போவல இல்லண்ணா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா, ஒண்ணு கூட இல்ல" என்றேன். தயாளனைப் பற்றி நான் நினைவில் வைத்துக்கொள்வது அந்தப் பதிலைத்தான். அதைக் கேட்டதும் அவள் பெருமூச்சு விட்டு, அவர் போன பிறகு முதல்முறையாக வாசற்படியில் உட்கார்ந்தாள்.