முதல் வாய்

குடிநீர் வாரியத்தில் அவருக்குக் காதுக்காரர் என்று பெயர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் வாசல் காவலாளிகூட, அப்படி யாரும் இங்கே இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார். ஆளுயர இரும்புக் கம்பியின் ஒரு முனையைத் தார்ச்சாலையில் ஊன்றி, மறுமுனையில் காதை வைத்து, மண்ணுக்கடியில் எந்தக் குழாய் எங்கே கசிகிறது என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. தெரு அடங்கியிருக்கும் அதிகாலையில்தான் அது நன்றாகக் கேட்கும். கசிவைத் தேடிப் போனால் கள்ள இணைப்பும் கூடவே அகப்படும். எந்த வீட்டுத் தோட்டம் கோடையிலும் பச்சைப்பசேலென்று நிற்கிறதோ, அந்த வீட்டு வாசலில் கம்பியை ஊன்றிவிடுவார். பெரும்பாலும் அவர் சந்தேகம் பலித்திருக்கிறது. காலமெல்லாம் சந்தேகப்பட்டே சம்பளம் வாங்கிய மனிதரால், வீட்டுக்கு வந்ததும் அதைச் செருப்போடு சேர்த்து வெளியே கழற்றிவிட முடியுமா?

முடியவில்லை. அதனால்தான் அந்த வீக்கம் அவ்வளவு பெரிய வினையாகிப் போனது.

வலது தாடைக்குக் கீழே, எலும்பை ஒட்டி உள்பக்கமாக, அது புடைக்கும். சாப்பிட உட்கார்ந்தால் எழும்பி, விண்விண்ணென்று தெறிக்கும். சாப்பிட்டுக் கை கழுவிக் கொஞ்ச நேரம் படுத்து எழுந்தால் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். மனைவி போன பிறகு பல வருஷம் அவரும் மகனும் ஏதோ வேகவைத்துத் தின்று காலம் தள்ளியவர்கள். அப்போதெல்லாம் இது இல்லை. மகனுக்குக் கல்யாணமாகி, மருமகள் சமையலறைக்குள் நுழைந்த பிறகுதான் தலைகாட்டியது. மதியம் வேலையிடத்தில் பாலில் நனைத்த பன் தின்பார். அப்போது தாடை பரம சாதுவாக இருக்கும். வீட்டில் வரும், வெளியே வராது. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? போதாக்குறைக்கு, மருமகள் வேலை பார்த்தது மருந்துக்கடையில்.

காரணத்தையும் அவரே கண்டுபிடித்தார். காற்றோட்டமான முன்னறை அவருடையது. புதுசாகக் கல்யாணமானவர்கள் பின்னறையில், அலமாரிக்கும் கட்டிலுக்கும் நடுவே பக்கவாட்டில் நடந்துகொண்டிருந்தார்கள். ‘கிழவன் ஒழிந்தால் அறை காலி’ என்று யாராவது நினைக்கமாட்டார்களா? அவள் ஒருநாளும் அந்த அறையைப் பற்றி வாய் திறந்ததில்லை. அதுவே அவருக்கு இன்னும் உறுத்தியது.

கசிவு எந்தக் கிளையில் என்று தெரியாவிட்டால், ஒவ்வொரு வால்வாக மூடிப் பார்ப்பது வாரியத்து வழக்கம். அதையே அவர் சாப்பாட்டுத் தட்டில் செய்தார். ஒரு நாள் மீனை ஒதுக்கினார், வீங்கியது. மறுநாள் சூப்பை ஒதுக்கினார், வீங்கியது. கீரையை விட்டுப் பார்த்தார், ஊறுகாயை விட்டுப் பார்த்தார். ஊறுகாயை விட்டபோது வீக்கம் கொஞ்சம் அடங்கியது போலிருந்தது, ஆனால் நிற்கவில்லை. எல்லாக் கிளையிலும் கோளாறு என்றால் தப்பு மூலக் குழாயில்தான் இருக்க வேண்டும். மூலம் யார்? அடுப்புக்கு முன்னால் நின்று தாளித்துக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு அவர் ஒரு வழக்கம் கொண்டுவந்தார். தட்டு வந்ததும் தொடமாட்டார்.

"உப்பு சரியா இருக்கான்னு ஒரு வாய் பாரும்மா."

அவளும் அவர் தட்டிலிருந்தே ஒரு கரண்டி எடுத்துச் சாப்பிடுவாள். அவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவள் தொண்டையையே பார்ப்பார். அது ஒருமுறை ஏறி இறங்கிய பிறகுதான் கரண்டியை வாங்கிக்கொள்வார். முதல் இரண்டு மூன்று தடவை அவள் நிஜமாகவே உப்புதான் பார்த்தாள். பிறகு புரிந்துகொண்டாள். புரிந்தும் ஒன்றும் சொல்லாமல், தட்டை வைத்த கையோடு தானே முதல் வாயை எடுத்துக்கொண்டாள்.

அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. காதுக்காரர் அசருகிற ஆளா? ‘கடையிலிருந்தே விஷத்துக்கு மாற்று மருந்து சாப்பிட்டுவிட்டு வருகிறாள்’ என்று முடிவுகட்டினார்.

ஒரு சாயங்காலம் எல்லாம் எல்லை மீறிவிட்டது. அவர் முன்னறையில் செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்தார். சமையலறையில் அவள் மீனைப் பொரித்து, மேலே எலுமிச்சையைப் பிழிந்தாள். வாசனை முன்னறைக்கு வந்தது. ஒரு பருக்கை வாயில் வைக்கவில்லை, தாடை கும்மென்று எழும்பிவிட்டது. இப்போது ஆவியிலேயே கலக்க ஆரம்பித்துவிட்டாளா? ஜன்னலைத் திறந்துவிட்டு, மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த மனிதரை அவள் கரண்டியும் கையுமாக வந்து பார்த்தாள்.

"என்ன மாமா, புகையா?"

"ஒண்ணுமில்ல. நீ போ."

மறுநாள் அவள் வைத்த சூப்பில் பாதியை யாரும் பார்க்காமல் ஒரு பாட்டிலில் ஊற்றி, சட்டைக்குள் ஒளித்து, வாரியத்தின் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்துக்குக் கொண்டுபோனார். அங்கே இருந்த பரிசோதகர் அவருடைய பழைய சிநேகிதர்.

"இதுல என்ன கலந்திருக்குன்னு பாத்துச் சொல்லு."

"எந்தத் தெருத் தண்ணி?"

"தெரு எதுக்கு உனக்கு? பாரு."

பரிசோதகர் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். கொஞ்சம் சிரித்தார். நாளைக்கு வா என்றார். மறுநாள், தப்பாக எதுவும் இல்லை என்று சொல்லிக் காலி பாட்டிலைக் கழுவிக் கொடுத்தார். தண்ணீரில் கிருமி பார்க்கிறவனுக்கு சூப்பைப் பற்றி என்ன தெரியும் என்று காதுக்காரர் அதையும் நம்பவில்லை.

விஷயம் அதோடு போயிருந்தால் தேவலை. பரிசோதகருக்கு இருமல் வந்தது. இருமலுக்கு மருந்து வாங்க அவர் போனது மருமகளின் கடைக்கு. நல்ல மனுஷர்தான், வாய்தான் சும்மா இருக்காது.

"உங்க மாமனார் சோதனைக்குன்னு ஒரு சூப் கொண்டு வந்தாரேம்மா! என்னத்த சோதிக்கிறது, குடிச்சே பாத்துட்டேன். பிரமாதம் போங்க!"

அன்று மாலை வீட்டில் அடுப்பு எரியவில்லை. மகன் அச்சகத்திலிருந்து வந்து மசிக்கையைக்கூடக் கழுவாமல் அவருக்கு எதிரில் நின்றான்.

"ஏம்ப்பா, அவ உங்களுக்கு வெஷம் வைக்கிறாளா?"

"நான் அப்படிச் சொன்னேனா?"

"பாட்டில்ல எடுத்துட்டுப் போனீங்களே, அது வேற என்னவாம்? தெனம் அவளை மொதல்ல தின்ன வச்சுப் பாக்கறீங்களே, அதுக்கு என்ன பேரு? எனக்குத்தான் வெக்கமா இருக்கு. ஞாயித்துக்கெழமை நாங்க வேற எடம் பாத்துட்டுப் போறோம்."

"போங்களேன்" என்று சொல்லத்தான் வாய் எடுத்தார். வரவில்லை. இந்த வீட்டில் தனியாக ஒருத்தர் இருந்தால் எப்படிச் சத்தம் கேட்கும் என்பது அவருக்குத் தெரியும். மனைவி போன புதிதில், மகன் வேலைக்குப் போய்விட்ட தன் விடுமுறைப் பகலெல்லாம் குழாய் சொட்டுவதை மட்டும் கேட்டுக்கொண்டு கிடந்தவர் அவர். மகன் போய்விடுவான் என்ற பயம் அவரைக் கவ்விப் பிடித்தது. அந்தப் பயத்தைக்கூட ஆத்திரமாகத்தான் அவருக்குக் காட்டத் தெரிந்தது. எழுந்து போய் முன்னறைக் கதவை அடித்துச் சாத்தினார்.

கதவுக்கு வெளியே மருமகளின் குரல் கேட்டது.

"மாமா, நாங்க போறது போறதுதான். ஆனா அந்த வீக்கத்தை ஒரு டாக்டர்கிட்ட காட்டிடுங்க. எங்க கடைக்குப் பக்கத்துலயே நல்ல பல் டாக்டர் இருக்காரு."

உன் கடைக்குப் பக்கத்திலா? நல்ல கதை! சனிக்கிழமை அவர் இரண்டு பஸ் மாறி, அவளுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பேட்டைக்குப் போய், பலகையை மட்டும் பார்த்து ஒரு பல் மருத்துவமனைக்குள் நுழைந்தார். அங்கே இருந்த டாக்டரம்மாவுக்கு வயதாகியிருந்தது, குரல் முரடு.

"எப்ப வீங்குது?"

"மருமக சமைச்சா."

டாக்டரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். கையுறையை மாட்டி, ஒரு விரலை நாக்குக்கு அடியிலும் இன்னொரு கையைத் தாடைக்குக் கீழேயும் வைத்துத் தடவினார். பிறகு உதவிப் பெண்ணிடம் அரை எலுமிச்சம்பழம் கொண்டுவரச் சொன்னார். அதை அவர் கண்ணுக்கு எதிரே ஆட்டி, நாக்கில் ஒரு சொட்டு விட்டார். தாடை எழும்பியது.

"இதை யாரு சமைச்சா?"

காதுக்காரர் உதட்டைத் துடைத்துக்கொண்டு எலுமிச்சம்பழத்தையே பார்த்தார்.

"எச்சில் எங்கேருந்து வருதுன்னு தெரியுமா உங்களுக்கு?"

"வாயிலேருந்துதான்."

"வாய் தொட்டி மாதிரி. ஊத்து வேற எடத்துல இருக்கு. காதுக்கு முன்னால ஒரு ஜோடி சுரப்பி, தாடைக்கடியில ஒரு ஜோடி, நாக்குக்கடியில ஒரு ஜோடி. பொடிசா உதட்டுலயும் கன்னத்துலயும் நூத்துக்கணக்குல இருக்கு. காதுப்பக்கத்துக் குழாய், கன்னத்துக்குள்ள மேல்வரிசைக் கடைவாய்ப்பல்லுக்கு எதிர்ல தெறக்கும். உங்களுக்குக் கோளாறு தாடைக்கடியில இருக்கறதுல. அதோட குழாய் நீளம். கீழேருந்து மேல ஏறி, நாக்குக்கு அடியில முன்னாடி வந்து தெறக்குது."

குழாய் என்றதும் மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மேல ஏறணும்னா மோட்டார் வேணுமே?"

"நரம்பு இருக்கே. வாசனை வந்தா போதும், நெனச்சாலே போதும், சுரப்பிக்கு உத்தரவு போயிடும். ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் வரைக்கும்கூட ஊறும். சாப்பாட்டை நனைக்கறது, மாவுச்சத்தைக் கரைக்க ஆரம்பிக்கறது, பல்லு அரிக்காம பாத்துக்கறது, எல்லாம் அதோட வேலை. தாடைக்கடியில ஊறுறது கொஞ்சம் கொழகொழப்பு. அதுல இருக்கற சுண்ணாம்புச் சத்து சில பேருக்குக் குழாய்ல படிஞ்சு கல்லாயிடும். ஊறுறது ஊறும், போக வழியில்லாம பின்னாடி தேங்கி வீங்கும். அப்புறம் இடுக்கு வழியா மெதுவா வடிஞ்சுடும்."

அடைப்பு. வெறும் அடைப்பு. ஊரெல்லாம் குழாய்க்குக் காது வைத்துக் கேட்டவர் தன் தாடையில் கை வைத்தார். ஆனாலும் கடைசியாக ஒரு முறை முயன்று பார்த்தார்.

"அந்தக் கல்லை யாராவது சாப்பாட்டுல போட்டிருந்தா..."

"யாராலயும் போட முடியாது. அது உங்க மகன் கல்யாணத்துக்கு முன்னாடியே வளர ஆரம்பிச்சிருக்கும்."

"அப்ப மத்தியானம் பால்ல நனைச்ச பன்னு தின்னா ஏன் வீங்கல?"

"பால்ல ஊறுன பன்னுக்கு எந்த வாய் அப்படி ஊறும்? புளிப்பா, ருசியா, புடிச்சதா இருந்தாத்தான் பொங்கிட்டு வரும்." டாக்டரம்மா விளக்கைத் திருப்பினார். "உங்க மருமக நல்லா சமைப்பாளோ?"

அந்த வீட்டில் யாரும் அவரிடம் கேட்டிராத கேள்வி. அவரும் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லாததை எல்லாம் தாடை தினமும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. அவருக்கு அழுகை வந்தது. ஊசிக்குப் பயப்படுகிறார் என்று நினைத்து உதவிப் பெண் தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

கல் குழாய் வாய்க்குப் பக்கத்திலேயே நின்றது. மரத்துப்போக ஊசி போட்டு, குழாய் வாயை இம்மியளவு கீறி, பின்னாலிருந்து முன்னால் மெல்ல நீவினார் டாக்டரம்மா. மஞ்சளாக, நெல்மணி அளவில் ஒரு கல் வெளியே வந்தது. பின்னாலேயே தேங்கிக் கிடந்த நீர் உப்புக்கரித்துக்கொண்டு வாயெல்லாம் நிறைந்தது. கல்லை ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்தபோது கூடத்தில் பெட்டிகள் அடுக்கியிருந்தன. அவர் பேச வாயைத் திறந்தார். நாக்கு இன்னும் மரக்கட்டையாக இருந்தது. வார்த்தைகள் குழறின, உதட்டோரம் எச்சில் வழிந்தது. மருமகள் இரண்டடி பின்னால் போனாள்.

"குடிச்சிட்டு வந்திருக்கீங்களா மாமா?"

இல்லை இல்லை என்று தலையை ஆட்டினார். அவள் நம்பவில்லை, முகத்திலேயே தெரிந்தது. நம்பாத கண்ணுக்கு முன்னால் நிற்பது எப்படி இருக்கும் என்று காதுக்காரர் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார். காகிதத்தைப் பிரித்துக் காட்டி, குழறலும் கைச்சாடையுமாக எல்லாவற்றையும் சொல்லி முடிப்பதற்குள் வியர்த்துவிட்டது.

மகனுக்கு முகம் மலர்ந்தது. "அப்பாடா! கல்லுதானா? இதுக்கா இவ்வளவு கூத்து? பெட்டியை எல்லாம் பிரிச்சிடலாம்."

மருமகள் அந்தக் கல்லை விரல் நுனியில் எடுத்துப் பார்த்தாள். திரும்பக் காகிதத்தில் வைத்தாள்.

"உங்க வீக்கத்துக்குக் கல்லு காரணம் மாமா, சரி. தெனமும் நான் முழுங்கற வரைக்கும் என் தொண்டையையே பாத்துட்டு இருந்தீங்களே, அதுவும் கல்லுதானா?"

அவர் கல்லைக் காகிதத்தோடு மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை வண்டி வந்தது, பெட்டிகள் ஏறின. அவரே முன்னின்று அவர்கள் கட்டிலைப் பிடித்துக் கொடுத்தார். அவள் அடுப்பில் அவருக்கென்று சூப் வைத்துவிட்டுப் போயிருந்தாள். தனியாக உட்கார்ந்து குடித்தார். வாய் ஊறியது, தாடை எழும்பவில்லை. வீட்டில் வேறு சத்தமே இல்லை. பாதிக்குமேல் இறங்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் முன்னறையைக் காலிசெய்து, தன் கட்டிலைப் பின்னறைக்கு இழுத்துப் போட்டார். அலமாரிக்கும் கட்டிலுக்கும் நடுவே பக்கவாட்டில் நடந்து பழகினார். பிறகு ஒரு மாலை, சூப் வைத்த பாத்திரத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு அவர்கள் இருந்த வாடகை வீட்டுக்குப் போனார். மகன் இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. அவள்தான் கதவைத் திறந்தாள். பாத்திரத்தை வாங்கிக்கொண்டாள். உள்ளே வாங்க என்று சொல்ல ஒரு கணம் யோசித்தாள், பிறகு சொன்னாள்.

"சாப்பிடறீங்களா மாமா?"

"போடும்மா."

தட்டை அவர் முன்னால் வைத்தாள். எலுமிச்சை பிழிந்த மீன். வைத்த கையோடு பழக்கதோஷத்தில் கரண்டிக்குக் கையை நீட்டினாள். அதற்குள் அவர் கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு, சூடு என்றும் பாராமல், வாய் கொள்ளுமட்டும் அள்ளிப் போட்டுக்கொண்டார். கண்ணில் தண்ணீர் முட்டியது.

"மெதுவா மாமா" என்றாள். சொன்னாளே தவிர, அவர் விழுங்கி முடிக்கும்வரை அவள் பார்வை அவர் தொண்டையைவிட்டு நகரவில்லை.