பென் டிரைவுக்குள் ஏழு குண்டுகள்

என் நோட்டுப் புத்தகத்தைக் களிமண் கரைசல் தொட்டிக்குள் போட்டவர் எங்கள் கிளேஸ் மேஸ்திரி. கைதவறி விழவில்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போட்டார்.

"எழுதி வச்சுக் கத்துக்கிற வேலையா பாப்பா இது?" என்றார். கலவைக் கொட்டகையே சிரித்தது.

விருத்தாசலத்தில் பியூஸ் கேரியர் செய்யும் சின்ன பீங்கான் கம்பெனி. டிப்ளமோ முடித்த கையோடு சேர்ந்திருந்தேன். பீங்கான் மேல் போடும் கண்ணாடிப் பூச்சுதான் கிளேஸ். அதைக் கலக்கத் தெரிந்தவர் அவர் ஒருவரே. எந்தப் பொடி எவ்வளவு என்று கேட்டால், "டீ குடிச்சிட்டு வந்து சொல்றேன்" என்பார். வந்து சொன்னதே இல்லை. எடைக்கல்லைக்கூட அவரே களிமண்ணில் உருட்டிச் சுட்டு வைத்திருந்தார். ஏழு குண்டுகள், ஒன்றிலும் எண் கிடையாது. நாலு குண்டு கிளேஸ் போட்டுப் பளபளக்கும், மூன்று பூச்சில்லாத மொட்டை.

நோட்டு கரைந்த அன்றே முடிவு செய்துவிட்டேன்: இந்த ஆளின் ரகசியத்தை ஒரு வரி விடாமல் எழுதி எடுப்பது.

அந்த வாரம்தான் பிரவுசிங் சென்டரில், நமக்கு நாமே குறிப்பு எழுதி வைத்துக்கொள்ளும் பர்சனல் விக்கி என் கண்ணில் பட்டது. எல்லாம் ஒரே ஃபைல், பென் டிரைவில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்ளலாம். எந்தத் தொட்டியிலும் கரையாது! ஒரு சொல்லை அழுத்தினால் அதற்கென்று ஒரு பக்கம் திறக்கும், எழுதாத பக்கம் வேறு நிறத்தில் நின்று உறுத்தும். ஆபீஸ் கம்ப்யூட்டரில் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டினேன். குண்டுக்கு ஒரு பக்கம், பொடிக்கு ஒரு பக்கம். செய்ய வேண்டிய வேலைகள் என்ற பக்கத்தில் முதல் வரி: மேஸ்திரி.

எந்தப் பொடிக்கு எந்தக் குண்டு என்று பார்த்துப் பார்த்து ஏற்றினேன். மாசி மகத்துக்கு லீவு விட்டபோது குண்டுகளை அலமாரியில் எடுத்து வைத்து, அவை கிடக்கும் வாளியைக் கவிழ்த்துவிட்டு எல்லாரும் தேர் பார்க்கப் போனார்கள். நான் போகவில்லை. மூன்றாம் நாள், அலமாரியில் காய்ந்து கிடந்த ஏழையும் சாம்பிள் தராசில் நிறுத்து எழுதினேன்.

சித்திரையில் முதலாளியோடு மேஸ்திரிக்குச் சண்டை. குண்டுகளை மஞ்சப் பையில் போட்டுக்கொண்டு, "பூச்சு வேணும்னா வூட்டுக்கு வந்து கூப்புடட்டும்" என்று கருவேப்பிலங்குறிச்சிக்குப் பஸ் ஏறிவிட்டார்.

முதலாளி வண்டிச் சாவியை எடுத்தார். "நான் கலக்குறேங்க" என்றேன். "பூச்சுப் போட்டுப் பார்க்க ரெண்டு தட்டு பீங்கான் தரேன். சரியா வரலைன்னா நான் போய் அவரைக் கூட்டியாந்துருவேன்" என்றார்.

வெந்து வந்த பூச்சு, பால் ஆடை சுருங்கினாற்போல் ஒதுங்கி நின்றது.

"கம்ப்யூட்டருக்குச் சளி புடிச்சிருச்சா பாப்பா?" என்றார்கள் கொட்டகையில்.

முதலாளியிடம் இன்னும் ஒரு நாள் கெஞ்சி வாங்கினேன். விக்கியில் 'குண்டு' என்று தேடினேன். எப்போதோ எழுதி மறந்த ஒரு வரி வந்தது: 'குண்டை எப்பவும் வாளித் தண்ணியிலேயே போட்டு வைக்கிறார். ஏன்?'

திருட்டு மூளை! மொட்டைக் குண்டு தண்ணீர் குடிக்கும், கிளேஸ் போட்டது குடிக்காது. அவர் கலப்பது ஊறிய எடையில், நான் நிறுத்தது காய்ந்த எடை. அதே களிமண்ணில் சுட்ட மொட்டைத் துண்டு ஒன்றை ஊறவைத்து, எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்து, மூன்று குண்டுக்கும் அந்த விகிதத்தில் கூட்டினேன். மறுநாள் தட்டில் முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தது. முதலாளி சாவியை ஆணியில் மாட்டினார்.

பத்து நாளாகியும் கூப்பிட யாரும் போகாததால் மேஸ்திரி தானே வந்தார். குண்டுகளை வாளியில் போட்டுவிட்டு டீக்கடைக்குப் போனவர், நாளைக்குக் கலக்கிக்கலாம் என்று அப்படியே வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டார். எனக்கு அது போதும். ஏழையும் எடுத்து அடுப்பருகே காயவைத்து, ஒவ்வொன்றிலும் நீலச் சாயத்தில் அதன் காய்ந்த எடையை எழுதி, முழுக்க கிளேஸில் முக்கி அன்றைய சூளையிலேயே ஏற்றினேன். மறுநாள் சூளை திறந்ததும், அவர் வருவதற்குள் வாளியில் திரும்பப் போட்டேன்.

வந்தவர் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மொட்டையையும் மூடிட்டியா? இனிமே இது தண்ணி குடிக்காதே."

"குடிக்காது அண்ணே."

"அப்ப என் கணக்கு?"

"கம்ப்யூட்டர்ல இருக்குது. கேளுங்க, சொல்றேன்."

அவர் கேட்கவில்லை. பழைய கணக்கிலேயே கலக்கியதில் மூன்று கலவை கெட்டது. நாலாவதுக்கு என் மேசைக்கு வந்து நின்றார். "பெல்ஸ்பார் பொடி எவ்வளவு பாப்பா?"

"டீ குடிச்சிட்டு வந்து சொல்றேன் அண்ணே" என்று எழுந்தேன். இரண்டு டீ குடித்தேன். திரும்பி வந்து, அவர் நிற்க நிற்க, விக்கியில் 'மேஸ்திரி' என்ற முதல் வரியை 'முடிந்தது' பக்கத்துக்கு மாற்றிவிட்டு, அதற்குப் பிறகுதான் எடையைச் சொன்னேன்.