வெர்னாவின் நிரந்தர முகவரி

அரிசோனாவின் குவார்ட்ஸைட் பாலைவனத்தில் வீட்டு வண்டிகளிலேயே குடியிருப்பவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. காகிதத்தில் எல்லோரும் பிள்ளைகள் வீட்டில்தான் வசிப்பார்கள். விடுமுறைக்கு ஊர் சுற்ற ஒரு வண்டி வைத்திருக்கிறேன் என்றால் இன்சூரன்ஸ் மலிவு. அதிலேயே குடியிருக்கிறேன் என்றால் விலை ஏறிவிடும். வெர்னா லாட்டியும் போன வருடம் வரை அந்தப் பொய்யைத்தான் சொல்லிவந்தாள்.

மற்றபடி பொய்க்கும் அவளுக்கும் வெகுதூரம். வடக்கே டுலூத் நகரத்துப் பனியில் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டியவள். ஓய்வு பெறும் வரை ஒரு பிள்ளைக்குச் சிராய்ப்புகூட வந்ததில்லை. கணவர் இறந்த பிறகு வீட்டை விற்று, பஸ் அளவுக்கு ஒரு வீட்டு வண்டியை வாங்கி, தன்னந்தனியாக ஓட்டிக்கொண்டு அரிசோனா வந்து சேர்ந்தாள். கழிவுத் தொட்டியைக் காலி செய்வது முதல் கூரை ஒழுகலை அடைப்பது வரை எல்லாம் அவளேதான். அவள் ரிவர்ஸ் எடுத்து வண்டியை நிறுத்தும்போது எங்காவது இடிப்பாள் என்று ஆண்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து காத்திருப்பார்கள். பாவம், அந்த ஆசை இன்றுவரை நிறைவேறவில்லை.

இதில் பெருமைப்படாத ஒரே ஆள் மகள் ஜனீன். அம்மாவுக்கு வீடு இல்லை என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, சர்ச்சில் யார் கேட்டாலும் "அம்மா டூர் போயிருக்காங்க" என்று சமாளித்துவந்தாள். மூன்று வருடமாக ஒரு டூர்! கேட்டவர்களும் நம்பினார்களாம்.

நவம்பரில் பக்கத்து வண்டிக்காரர் ஆர்ட்டின் வண்டி தீப்பிடித்தது. உயிர் தப்பினார், வண்டி மிஞ்சவில்லை. விடுமுறைக்கு என்று எழுதிக்கொடுத்துவிட்டு அதிலேயே குடியிருந்தீர்களே என்று இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிட்டது.

ஜனவரியில் வெர்னாவின் பாலிசியைப் புதுப்பிக்கும் நாள் வந்தபோது, அம்மாவைப் பார்க்க ஜனீன் வந்திருந்தாள். எதிர் வண்டி மெர்ல் வழக்கம்போல ஓசிக் காபிக்கு வந்து உட்கார்ந்திருந்தார். ஏஜென்டின் குரல் போன் ஸ்பீக்கரில் கேட்டது.

"வருஷத்துல எத்தனை வாரம் வண்டில இருப்பீங்க மேடம்? மத்த நேரம் எந்த வீடு?"

வெர்னா வாயைத் திறக்குமுன் ஜனீன் முந்திக்கொண்டாள். "என் வீடுதான். டுலூத். எழுதிக்கோங்க."

"பேசாம சரின்னு சொல்லு வெர்னா," என்றார் மெர்ல் தணிந்த குரலில். "காகிதத்துல நான்கூட என் பையன் வீட்டு மாடியிலதான் இருக்கேன். அவன் வீட்டுக்கு மாடியே கிடையாது!"

வெர்னா சிரிக்கவில்லை. போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "தம்பி, அதை எழுதாதே. எனக்கு வேற வீடு கிடையாது. வருஷம் பூரா இதுலதான் இருக்கேன். இதான் என் வீடு."

"அப்ப அது வேற பாலிசி மேடம். உள்ள இருக்கற சாமான், உங்க படியில யாராவது விழுந்தா அந்தச் செலவு, வண்டி போச்சுன்னா தங்கறதுக்கு இடம், எல்லாம் சேரும். வீட்டுக்கு எடுக்கற மாதிரியே. ஆனா விலை ஜாஸ்தி."

"வீட்டுக்கு எடுக்கற மாதிரின்னியே, அதையே போடு."

போனை வைத்ததும் ஜனீனுக்கு முகம் சிவந்துவிட்டது. "அப்ப உனக்குன்னு நான் ஒதுக்கி வெச்சிருக்கற ரூம்? எங்கம்மாவுக்கு வீடில்லன்னு ஊரெல்லாம் நானே சொல்லணுமா?"

"யாருடி இல்லன்னது? என் காசுல வாங்கினேன். நானே ஓட்டினேன். நானே நிறுத்தினேன். ஆர்ட் மாதிரிப் பொய் எழுதிக் குடுத்துட்டு, ஒருநாள் இது எரிஞ்சுபோனா, அன்னிக்கு நிஜமாவே வீடில்லாம உன் வாசல்ல வந்து நிப்பேன். அது உனக்கு கௌரவமா?"

 மெர்ல் காபிக் கோப்பையோடு மெல்ல நழுவினார். வெர்னா அடுப்பில் டுலூத் பக்கத்துக் காட்டரிசி சூப்பை வைத்தாள். மனதில் துளிக்கூட வருத்தமில்லை.

அப்போது ஜனீனின் போன் அடித்தது. சர்ச் தோழி. ஞாயிற்றுக்கிழமை உன்னைக் காணோமே, எங்கே போய்விட்டாய் என்று கேட்டாள். ஜனீன் அடுப்பருகே நின்ற அம்மாவின் முதுகைப் பார்த்தாள்.

"அரிசோனால இருக்கேன்," என்றாள். "எங்கம்மா வீட்டுல."