ஒரே ஒரு சிவப்புக் குடிசை

ஏழாவது வீடு கொஞ்சம் கோணலாக அமைந்துவிட்டது. அதை இடித்துவிட்டு மறுபடி கட்டுகிறார். எல்லாம் கணினி விளையாட்டில்தான். பேருந்து நிலையத்தில் அவர் நேரக்காப்பாளர். பகலெல்லாம் விசில் ஊதி ஓட்டுநர்களை விரட்டுகிற மனிதர், சாயங்காலம் ஆனால் கோட்டைக்குள் வயல்களை வரிசை பிசகாமல் அடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஒரே ஒரு தடவை மனைவியின் தம்பியோடு இணையத்தில் மோதிப் பார்த்தார். நாலே நிமிடத்தில் ஆட்டம் குளோஸ். “வயல் போடுறதுக்குள்ள வந்து கொளுத்திட்டான். மனுஷனா அவன்?” என்று இன்றும் கொதிக்கிறார். தனியாகக் கணினியோடு கட்டம் கட்டமாக ஆடும் போர்த்தொடரில் எதிரிக்கு மரியாதை தெரியுமாம். “நாம ரெடியாகுற வரைக்கும் மூலையில கம்முனு இருப்பான். ராஜா வேற நம்மளைத்தான் மலை மாதிரி நம்பியிருக்காரு!” பேருந்து நிலையத்தில் அவருடைய கடிகாரத்தைக்கூட யாரும் நம்புவதில்லை.

தொடர் முடிந்ததும் கூடத்துக்குப் பெயிண்ட் அடிப்பதாக மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தார். பெயிண்ட் அடித்துக் கூடம் தயாரானால், அதில் ஒரு மாதம் தங்க அந்தத் தம்பி வந்துவிடுவான். அதனால் கடைசிக் கட்டத்தில் எதிரியின் ஒரே ஒரு சிவப்புக் குடிசையை மூன்று மாதமாக விட்டுவைத்திருந்தார். அது இடிந்தால் தொடர் முடிந்துவிடும். தன் வீரர்களே கைதவறி அதைத் தொட்டுவிடக் கூடாதென்று சுற்றிலும் மதில் வேறு எழுப்பியிருந்தார். பாசம் என்றால் அப்படியொரு பாசம்.

இன்று காலை அவர் குளிக்கப் போனதும் மனைவி திரை முன் உட்கார்ந்தார். மூன்று மாதம் பின்னால் நின்று பார்த்தவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. மதிலின் ஒரு பக்கத்தை இடித்து, படையை உள்ளே அனுப்பினார். வெற்றி முரசு கேட்டு, தலையில் சோப்பு நுரையோடு ஓடி வந்தவர் பார்த்தது சாம்பலான குடிசையைத்தான்.

“ஜெயிச்சாச்சுங்க,” என்று அவர் கையில் பிரஷ்ஷைக் கொடுத்தார் மனைவி.

பாவம், மத்தியானத்துக்குள் நாலு சுவரும் ஏறக்குறைய முடிந்துவிட்டன. அப்போது தம்பி போன் செய்தான். “மாமா, கூடம் ரெடியா? கிளம்பி வரட்டுமா?”

கதவுக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்துக்குப் பழைய சுவர் தெரிந்தது. அதைப் பார்த்தார். பிரஷ்ஷைத் துடைத்து வைத்தார்.

“இன்னும் கொஞ்சம் பாக்கியிருக்குப்பா,” என்றபடி, கதவை மெல்லத் தள்ளி அந்த இடத்தை மறைத்தார்.