ஜாதகத்தின் பின்பக்கம்

"ஏனுங், ஊட்ல ஆருங்க?" என்று குரல் கொடுத்துவிட்டு, பதில் வரும்வரை கேட்டுக்கு வெளியிலேயே நிற்பது அவர் வழக்கம். வண்டியை உள்ளே ஏற்றமாட்டார். "வாங்க" என்று ஒருமுறை சொன்னால் செருப்பைக் கழற்றுவார். இரண்டாம் முறைக்குப் படியேறுவார். மூன்றாவது முறையும் சொன்ன பிறகுதான் நாற்காலியின் நுனியில் உட்காருவார். போன ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அன்னூருக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டில் நான் அவரை முதலில் பார்த்ததும் அப்படித்தான். சொம்புத் தண்ணீரை உதட்டில் படாமல் அண்ணாந்து குடித்தார். பிறகு என் அம்மாவிடம் சொன்னார்:

"தப்பா நெனச்சுக்காதீங்க அத்தை. பதிமூணு பதினாலு வருசமிருக்குமுங்க. உங்க புள்ளைக்குப் பாக்கறப்ப என்ற சாதகம் ஒண்ணு தரகர் கொண்டாந்து குடுத்திருப்பாருங்க. அது இருந்தாத் திருப்பிக் குடுத்தீங்கன்னாத் தேவலைங்க."

அம்மாவுக்குச் சிரிப்பதா முறைப்பதா என்று தெரியவில்லை. "அவ மக இப்ப ஏழாவது படிக்கறாளுங்க" என்றாள், என் அக்காவைச் சொல்லி.

"அதுக்கில்லீங்க. வெளிய கெடக்கற சாதகத்தையெல்லாம் ஒண்ணு உடாம வாங்கிப்போட்டாத்தான் எனக்குக் கல்யாண யோகமுன்னு சோசியரு சொல்லிப்போட்டாருங்க."

அது பொய் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஆனால் நல்ல பொய். எங்கள் பக்கத்தில் அதைக் கேட்டு யாரும் கதவைச் சாத்தமாட்டார்கள். நாற்பது தாண்டியும் பெண் கிடைக்காத பையன் இல்லாத ஊரே இங்கு கிடையாது. அம்மா உடனே இளகிப்போய் பீரோவைத் திறந்து பார்த்தாள். கிடைக்கவில்லை.

பெயர் திருமூர்த்தி. நாற்பத்தொன்பது வயது. தாராபுரம் பக்கத்துக்காரர். கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறையின் மாடியில் ஒற்றை அறையில் இருக்கிறார். கண்காணிப்புக் காமிரா மாட்டுவது தொழில். சட்டைப் பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் டெஸ்டர் இருக்கும். என் அப்பாவை 'மாமா' என்றுதான் அழைத்தார். கூட்டம், அதாவது குலப்பிரிவு, வேறானால் மாமன் மச்சான் முறை. பெண் கொடுக்காவிட்டாலும் அந்த முறை மாறுவதில்லை.

கிளம்பும்போது சுவரிலிருந்த என் பட்டமளிப்புப் படத்தைப் பார்த்து நின்றார். "மாப்ள என்ன படிச்சிருக்காப்லீங்க?"

"எம்.எஸ்சி. கம்ப்யூட்டருங்க. எங்க வம்சத்துலயே அந்தக் கருப்பு அங்கி போட்ட மொத ஆளு" என்றார் அப்பா. யார் வந்தாலும் அவர் சொல்வதுதான். எனக்கும் அது அலுப்பதில்லை.

வழியனுப்ப நான் கேட் வரை போனேன். அவர் வண்டிச் சாவியைப் போட்டுவிட்டுத் திருகாமல் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "மாப்ள, இந்தக் குவாண்டம் கம்ப்யூட்டருங்கறாங்களே, அது எப்ப வருமுங்க?"

சரவணம்பட்டியில் ஒரு கம்பெனியில் கடவுச்சொற்களோடு மல்லுக்கட்டுவதுதான் என் பிழைப்பு. அந்தக் கேள்வியை அலுவலகத்தில் கேட்டிருக்கிறேன். எங்கள் எருமைக் கட்டுத்தரைக்கு எதிரில் நின்று ஒருவர் கேட்பார் என்று நினைத்ததில்லை.

விஷயத்தை அவர் ஒரே நாளில் சொல்லிவிடவில்லை. நாலைந்து சந்திப்புகள் ஆயின. 2010-இல் காந்திபுரத்தில் அவர் பிரௌசிங் சென்டர் வைத்திருந்தார். பன்னிரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின். காலை நேரத்தில் ஆள் வராது. ஒரு கல்லூரிப் பையன் சொன்னான் என்று, சும்மா கிடந்த கம்ப்யூட்டர்களில் பிட்காயின் தோண்டும் புரோகிராமை ஓடவிட்டார். "ஒரு நா அம்பது காயின் உழுந்துச்சுங்க. காயினுன்னாலும் கையில எடுத்துப் பாக்க ஒண்ணுமில்லையே. கரண்டு பில்லுதான் வந்துச்சு. வெளையாட்டுன்னு உட்டுப்போட்டேன்." இன்று அந்த ஐம்பது எவ்வளவு பெறும் என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார்.

காயினைத் திறக்கும் சாவி ஒரு பென்டிரைவில் இருக்கிறது. பென்டிரைவ் அவரிடம் பத்திரமாக இருக்கிறது. ஆனால் அந்தச் சாவிக்குக் கடவுச்சொல் போட்டு வைப்பது நல்லது என்று அந்தப் பையன் பிறகு ஒருநாள் சொல்ல, யாராலும் ஊகிக்க முடியாதபடி இருக்கட்டும் என்று, கண்ணை மூடிக்கொண்டு பத்து விரலையும் கீபோர்டில் பரப்பினார். முப்பத்துச் சொச்சம் எழுத்து. கைக்கு எட்டிய காகிதத்தின் பின்பக்கம் எழுதிக்கொண்டார். அந்தக் காகிதம் அவருடைய ஜாதக நகல்களில் ஒன்று. சொந்த ஜெராக்ஸ் மெஷின் என்பதால் அவருடைய அம்மா சொன்னாள் என்று நாற்பது நகல் எடுத்து அடுக்கி வைத்திருந்தார். மறுநாள் அவர் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் தரகர் பொங்கியண்ணன் வந்து அடுக்கை அப்படியே மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

"அன்னிக்கு நானு வெசனப்படலீங்க மாப்ள. நாப்பது ஊட்டுல ஒரு ஊடாச்சும் அமையாதான்னுதான் நெனப்பு."

காயின் விலை ஏறிய செய்தி காதில் விழ ஆறு வருடம் ஆயிற்று. அதற்குள் பிரௌசிங் சென்டரும் இல்லை, அவருடைய அம்மாவும் இல்லை. பொங்கியண்ணனுக்குக் கண் மங்கிவிட்டது. பேர், ஊர் எதுவும் நினைவில்லை. அந்தந்த வீட்டில் தனக்கு என்ன கொடுத்தார்கள் என்பது மட்டும் நினைவிருக்கிறது. 'பணியாரத்துக்குக் காரச் சட்டினி வெச்ச ஊடு, அவினாசி தாண்டி', 'எளநிய வெட்டிப்போட்டு ஸ்ட்ரா இல்லீன்ன ஊடு, காங்கேயம் ரோடு.' இந்த அடையாளங்களை வைத்துக்கொண்டுதான் திருமூர்த்தி எட்டு வருடமாகத் தேடுகிறார். எங்கள் வீடு 'மோருல தண்ணி சாஸ்தி ஊத்துன ஊடு'. அம்மாவிடம் அதை நான் சொல்லியிருக்கக் கூடாது. "அந்தத் தரகனுக்கு ரெண்டு சொம்பு குடுத்தேன்டா!" என்று ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

குவாண்டம் கம்ப்யூட்டரைப் பற்றி அவர் தமிழில் வந்தது, ஆங்கிலத்தில் வந்தது எல்லாவற்றையும் படித்திருந்தார். முதலில் அவருக்கு அதன்மேல் நம்பிக்கைதான்.

"அந்த மெஷின் வந்துச்சுன்னாக் கடவுச்சொல்லே வேண்டாமாம்லங்க? எங்கியாச்சும் ஒரு மணி நேரம் வாடகைக்கு உடமாட்டாங்களா? ஜேசிபி கணக்கா?"

கணபதியில் ஒரு பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். சாவியிலிருந்து பூட்டைச் செய்வது சுலபம். பூட்டைப் பார்த்துச் சாவி செய்வது இன்றைய கம்ப்யூட்டர்களால் ஆகாது. அந்த நம்பிக்கையில்தான் பிட்காயின் ஓடுகிறது. போதுமான அளவு பெரிய குவாண்டம் கம்ப்யூட்டர் வந்தால் பூட்டைப் பார்த்தே சாவி செய்துவிடும் என்கிறது கணிதம். அவ்வளவு பெரியது இன்னும் யாரிடமும் இல்லை. பத்து வருடம் என்பவர்கள் இருக்கிறார்கள், முப்பது என்பவர்கள் இருக்கிறார்கள், வரவே வராது என்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் வந்தால் முதலில் திறப்பது அவருடையதைப் போன்ற பழைய காயின்களைத்தான். அந்தக் காலத்தில் தோண்டியவற்றின் பூட்டு உலகமே பார்க்கும்படி வெளியில் தொங்குகிறது.

"வாடகைக்கு விடறதுக்கு முன்னால அவங்களே தோண்டிக்குவாங்களேங்க" என்றேன்.

டம்ளரைக் கீழே வைத்தார். "எவனோ ஒருத்தனா?"

"எவனோ ஒருத்தன்."

"மத்தவங்கெல்லாம் என்ன பண்ணுவாங்க?"

புதிய வகைப் பூட்டுக்குக் காயினை மாற்றிக்கொள்வார்கள் என்றேன். மாற்ற வேண்டுமென்றால் பழைய சாவி வேண்டும். மாற்றாத பழைய காயின்களை ஒரு தேதிக்கு மேல் செல்லாததாக்கிவிடலாமா என்ற பேச்சும் இணையத்தில் ஓடுகிறது என்று சொன்னேன். அதையும் சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது.

"அப்ப ரெண்டு பக்கமும் அடைக்கறாங்கன்னு சொல்லுங்க" என்று சிரித்தார். எழுந்து போய் இரண்டு டீக்கும் காசு கொடுத்துவிட்டு வந்தார். அந்த வாரத்திலிருந்து அவர் தேடலில் ஒரு அவசரம் வந்துவிட்டது. முன்பெல்லாம் காமிரா வேலை போகும் வழியில் வீடு தேடுவார். இப்போது வீடு இருக்கும் பக்கமாகப் பார்த்து வேலை பிடிக்கிறார்.

அவர் அறையில் ஒரு கட்டில், ஒரு மின்சார அடுப்பு, காமிரா பெட்டிகள். சாயங்காலம் ஆனால் செல்போனில், தான் காமிரா மாட்டிய வாசல்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பார். சூலூரில் ஒரு கிழவர் பசுவுக்குத் தீவனம் போடுவார். சோமனூரில் ஒரு பெண் கோலமாவுக் கிண்ணத்தைத் தேடுவாள். "லைன் சரியா வருதான்னு பாக்கறனுங்க" என்பார். எல்லா வீட்டுக் கடவுச்சொல்லும் அவருக்கு மனப்பாடம். ஒரு வாசலில் யாராவது காமிராவை நோக்கிக் கையாட்டினால் இவரும் இங்கே லேசாகக் கையைத் தூக்கிவிடுகிறார். அவர்கள் கையாட்டியது வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கு.

மீட்ட ஜாதகங்களை ஒரு பிளாஸ்டிக் உறையில் வைத்திருக்கிறார். என்னிடம் காட்டும்போது இருபத்தாறு இருந்தன. எல்லாவற்றையும் பின்பக்கம் மேலே தெரியும்படி அடுக்கியிருந்தார். ஒன்றில் குழந்தை வரைந்த யானை. ஒன்றில் கேஸ் ஏஜென்சி நம்பர். ஒன்றில் அந்த வீட்டுப் பெண்ணின் கல்யாணத்துக்கு வாங்க வேண்டிய சாமான்கள், மாப்பிள்ளைக்குச் செருப்பு எட்டாம் நம்பர் என்பது வரைக்கும். மற்றவை வெறும் வெள்ளை.

நான் ஒன்றை எடுத்து முன்பக்கம் திருப்பினேன். கட்டங்களுக்குக் கீழே, அந்த வீட்டு ஜோசியர் பென்சிலில் எழுதியிருந்தார்: ஏழு பொருத்தம், செய்யலாம். இன்னொன்றைத் திருப்பினேன். ஒன்பது. அடுத்தது எட்டு, உத்தமம். எடுத்த ஐந்தாறில் ஒன்றுதான் பொருந்தாதது.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. 'சாதகம் பொருந்தலீங்க' என்பார்கள். அவரிடம் நாற்பது வீடும் அதைத்தான் சொல்லியிருந்தது.

"அந்தப் பக்கம் பாக்காதீங்க மாப்ள" என்று என் கையிலிருந்து மெதுவாக வாங்கி, மறுபடியும் கவிழ்த்து வைத்தார். "அதுல ஒண்ணுமில்லீங்க."

பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது எங்கள் வீட்டு நகல் கிடைத்தது. அக்காவின் பள்ளிச் சான்றிதழ்களுக்கு நடுவில் இருந்தது. நான் முதலில் பின்பக்கம் பார்த்தேன். வெள்ளை. முன்பக்கம்: எட்டு, செய்யலாம்.

"எட்டு இருந்திருக்குதே, ஏன்மா வேண்டாம்னீங்க?"

அம்மா சுண்ணாம்பு மட்டையை வாளியில் முக்கிக்கொண்டே சொன்னாள்: "காடுதோட்டம் அண்ணந்தம்பிக்குள்ள நாலா பிரியுமுன்னாங்க. கம்ப்யூட்டர் கடை வெச்சிருக்கறவனுக்கு எப்புட்றா குடுக்கறது? கரண்டு போனா அன்னிக்குச் சோறு போச்சு." பிறகு நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பது அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். மட்டையை அழுத்தித் தேய்த்தாள்.

போனில் அவரைக் கூப்பிட்டு, பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது, அலைய வேண்டாம் என்றேன். "இருக்கட்டும் மாப்ள, வாரனுங்க" என்றார். தை மூன்றாம் தேதி வந்தார். மூன்று முறை சொல்லி உட்காரவைத்தோம். காகிதத்தை வாங்கி வெளிச்சத்துக்குக் காட்டினார். பேனா அழுந்திய தடம் இருக்கிறதா என்று விரலால் தடவினார். இல்லை. பிறகு, என் எதிரில் முதல்முறையாக, முன்பக்கம் திருப்பி அந்தப் பென்சில் எழுத்தை நேராகப் படித்தார். அம்மா மோர் கொண்டுவந்து வைத்தாள். கெட்டி மோர்.

தோட்டத்திலிருந்து அப்பா வந்துகொண்டிருந்தார். செருப்புச் சத்தம் கேட்டதும் திருமூர்த்தி கட்டைவிரலை நாக்கில் தொட்டு, அந்த எட்டின்மேல் வைத்துத் தேய்த்தார். பென்சில் கலங்கிச் சாம்பல் நிறத்தில் ஒரு தீற்றல் ஆயிற்று.

"கெடச்சுப்போச்சுங்களா?" என்று எட்டிப் பார்த்தார் அப்பா. "என்னுங்க பண்றது, அன்னிக்குப் பொருந்தாமப் போச்சு."

"ஆமாங்க மாமா. ரஜ்ஜுப் பொருத்தம் தட்டுச்சுங்க" என்றார் திருமூர்த்தி, ஈரமான கட்டைவிரலை வேட்டியில் துடைத்தபடி.

இப்போது அவர் உடுமலை ரோட்டில் ஒரு கோழிப்பண்ணைக்குக் காமிரா மாட்டிக்கொண்டிருக்கிறார். பொங்கியண்ணன் சொன்ன இன்னொரு வீடு அந்தப் பக்கம்தான்.